பாறை நிலத்து மொழி: மார்ட்டீன் ஓ கைன் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் பதில் ஒன்றில், கல்லறைக்குள் கிடக்கும் பிணங்கள் மட்டுமே பேசும் ஐரிஷ் நாவல் ஒன்றைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த நாவலாசிரியர் மார்ட்டீன் ஓ கைன் யார், அவர் ஏன் சிறையில் இருந்தார், மொழிக்கும் அவருடைய அரசியலுக்கும் என்ன உறவு என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அயர்லாந்து எழுத்தாளர்கள் என்றால் ஆங்கிலத்தில் எழுதியவர்களையே அறிந்திருக்கிறோம். ஐரிஷ் என்பது தனி மொழியா? ஓ கைன் அந்த மொழியை எங்கே கற்றார்?

தனி மொழிதான். கெல்டிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கேலிக் அதற்கு மிக நெருங்கிய உறவு, வேல்ஸின் வேல்ஷும் பிரான்ஸின் பிரெத்தோனும் சற்றுத் தூரத்து உறவு. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயால் வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறிப் போனார்கள். இறந்தவர்களிலும் போனவர்களிலும் மேற்குக் கரையோரத்து ஏழைகள் மிகுதி. ஐரிஷ் பேசியவர்களும் அவர்களே. 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 15 லட்சமாக இருந்த ஐரிஷ் பேசுவோர் எண்ணிக்கை 1891இல் 6 லட்சத்து 80 ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது. பிள்ளை எப்படியும் அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ பிழைக்கப் போக வேண்டியவன்தான் என்று தெரிந்த பெற்றோர், அவனுக்கு ஆங்கிலம் வரட்டும் என்று தம் மொழியைத் தம் வாயோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த இறக்கத்துக்குப் பிறகும் ஐரிஷ் அன்றாடப் பேச்சாக நீடித்த இடங்களில் ஒன்று, கால்வே நகருக்கு மேற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் கொன்னமாரா. அங்கே ஸ்பிட்டேல் என்னும் ஊருக்கு அருகில் 1906இல் ஓ கைன் பிறந்தார். பாறைகளுக்கு இடையே கிடைத்த மண்ணில், கடற்பாசியை உரமாகச் சுமந்து வந்து போட்டு, உருளைக்கிழங்கு பயிரிட்ட மக்கள் அவர்கள். அவருடைய குடும்பத்தில் கதைசொல்லிகள் இருந்தார்கள். ஐரிஷை அவர் எங்கும் போய்க் கற்கவில்லை. கற்ற மொழி ஆங்கிலம். 1924 முதல் 1926 வரை டப்ளினில் ஆசிரியர் பயிற்சி பெற்றுவிட்டு, தொடக்கப் பள்ளி ஆசிரியராகத் தம் வட்டாரத்துக்கே திரும்பினார்.

பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஆயுத இயக்கம் ஒன்றில் சேர்ந்தது ஏன்? அதை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு, நீங்கள் கேட்கும் அந்த ஆயுத இயக்கமான அயர்லாந்துக் குடியரசுப் படையிலிருந்து (ஐ.ஆர்.ஏ.) தொடங்கிப் பதில் சொல்வதுதான் வழக்கம். நான் நிலத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவருடைய அரசியலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1922இல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி வந்தது. புதிய அரசு ஐரிஷைத் தேசிய மொழியாக அறிவித்தது, பள்ளிகளில் கட்டாயமாக்கியது, அரசு வேலைக்குத் தகுதியாக்கியது. ஆனால் அந்த மொழியைப் பிறவியிலேயே பேசிய கொன்னமாராக் குடியானவனின் பாறை நிலம் பாறை நிலமாகவே இருந்தது. அவன் மகள் பாஸ்டனுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். மேடையில் போற்றப்படும் மொழியும் அதைப் பேசுகிறவனின் பட்டினியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை ஓ கைனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஐரிஷ் பேசும் பகுதிகளைக் கேல்டாக்ட் என்று அழைப்பார்கள். அந்தப் பகுதி மக்களின் உரிமைக்காக 1930களில் ‘மியுன்டிர் நா கேல்டாக்டா’, அதாவது கேல்டாக்ட் மக்கள் என்னும் அமைப்பு உருவானபோது, முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அவர்கள் மொழிக்கு மானியம் கேட்கவில்லை, நல்ல நிலம் கேட்டார்கள். நாட்டின் கிழக்கே மீத் மாவட்டத்தில் பெரும் பண்ணைகளாகக் கிடந்த செழிப்பான புல்வெளிகளில் ஒரு பங்கை ஐரிஷ் பேசும் குடும்பங்களுக்குத் தாருங்கள், அவர்கள் ஊராக வந்து தங்கினால் மொழியும் கூடவே வந்து தங்கும் என்பதே வாதம். அன்று ஆட்சித் தலைவராக இருந்த டி வலேராவின் அரசு இறங்கி வந்தது. 1935இல் கொன்னமாராவிலிருந்து 27 குடும்பங்கள் மீத் மாவட்டத்தின் ரா கார்ன் என்னும் இடத்துக்குக் குடியேறின. வீடும் நிலமும் அரசின் நில ஆணையம் வழியாகக் கிடைத்தன. உள்ளூரில் எதிர்ப்பும் இருந்தது. நிலமில்லாத மீத் கூலித் தொழிலாளிக்கும் அந்த நிலத்தின் மீது ஆசை இருந்ததல்லவா? ஆயினும் குடியேறியவர்கள் நிலைத்தார்கள், மொழியும் நிலைத்தது. ஆனால் அந்த ஊரை அதிகாரபூர்வமான கேல்டாக்டாக ஏற்க அரசுக்கு 1967 வரை ஆயிற்று. ஓ கைன் ஈடுபட்ட எல்லாப் போராட்டங்களிலும் மிகத் தெளிவான வெற்றி இதுதான் என்று நான் கருதுகிறேன். அவருடைய புகழ்பெற்ற நாவலுக்கு முன்பே, ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் கிடைத்த வெற்றி இது.

இனி ஆயுத இயக்கம். இளம் ஆசிரியராக இருந்தபோதே அவர் குடியரசுப் படையில் சேர்ந்திருந்தார். வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனின் கீழ் இருக்க, தெற்கே பழைய முதலாளிகளே புதிய கொடியின் கீழ் ஆள, விடுதலை பாதியில் நின்றுவிட்டது என்று நம்பிய தலைமுறை அது. அன்றைய பள்ளிகளின் நிர்வாகம் பங்குக் குருமார்களின் கையில் இருந்தது. அந்த இயக்கத்தோடு அவருக்கிருந்த தொடர்பைக் காரணம் காட்டி 1936இல் அவரை ஆசிரியப் பணியிலிருந்து நீக்கினார்கள். பிறகு டப்ளினில் கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தார். இயக்கத்தின் உயர் குழுவான படை மன்றத்திலும் இடம்பெற்றார். ஆனால் இங்கிலாந்து நகரங்களில் குண்டு வைக்கும் திட்டம் வந்தபோது அதை எதிர்த்து மன்றத்திலிருந்து விலகினார். சமூக விடுதலை இல்லாத அரசியல் விடுதலையால் ஏழைக்கு ஒரு பயனும் இல்லை, அதற்காகக் குண்டு வைப்பதில் பொருளில்லை என்பது அவர் நிலை. 1939இல் அந்தத் திட்டம் நடந்தேறியது. ஆகஸ்ட் மாதம் காவென்ட்ரி நகரக் கடைத்தெருவில் வெடித்த குண்டு ஐந்து பேரைக் கொன்றது.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இயக்கத்தில் அவர் சேர்ந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால், உள்ளே இருந்துகொண்டே அதன் கொடிய முடிவை எதிர்த்த துணிவையும், நிலமற்றவனின் கேள்வியை அங்கேயும் எழுப்பிய நேர்மையையும் மதிக்கிறேன்.

சிறையில் எத்தனை ஆண்டுகள் இருந்தார்? சிறை அவருடைய எழுத்தை எப்படி மாற்றியது?

1940இல், உண்ணாவிரதத்தில் உயிர் நீத்த தோழர் ஒருவரின் கல்லறை அருகே உரையாற்றிய பிறகு கைதானார். 1944 வரை கில்டேர் மாவட்டத்துக் கர்ரா சமவெளியில் இருந்த தடுப்புக்காவல் முகாமில் வைக்கப்பட்டார். உலகப் போரில் நடுநிலை வகித்த டி வலேரா அரசு, அந்த நடுநிலைக்கு ஆபத்து வரும் என்று அஞ்சிக் குடியரசுப் படையினரை விசாரணையின்றி அங்கே அடைத்து வைத்திருந்தது. மரக் கொட்டகைகள், முள்வேலி, குளிர். அயர்லாந்தின் சைபீரியா என்று அவர் அதைக் குறிப்பிட்டார்.

அங்கே அவர் மறுபடியும் ஆசிரியரானார். பறிக்கப்பட்ட வகுப்பறை முள்வேலிக்குள் திரும்பக் கிடைத்தது என்றே சொல்லலாம். சக கைதிகள் பலர் அவரிடம் ஐரிஷ் கற்றார்கள். வெளியே இருந்த எழுத்தாள நண்பருக்கு அவர் முகாமிலிருந்து எழுதிய கடிதங்கள், அவர் மறைவுக்குப் பின் 1973இல் நூலாக வந்தன. அரசியல் முழக்கங்களை எதிர்பார்த்து அவற்றைப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். என்ன படித்தேன், என்ன எழுத முயல்கிறேன், எந்தப் புத்தகம் வேண்டும் என்பவையே அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன.

அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 1939இல், சிறைக்கு முன்பே, வெளிவந்துவிட்டது. அதில் நாட்டுப்புறக் கதைசொல்லலின் சாயல் அதிகம். 1948இல் வந்த இரண்டாம் தொகுப்பில் இருப்பவர் வேறொரு எழுத்தாளர். உழைத்துத் தேய்ந்த பெண்களின் மனத்துக்குள் போய் நின்றுகொண்டு அங்கிருந்தே எழுதுகிறார். 1912ஆம் ஆண்டைத் தலைப்பாகக் கொண்ட கதையில், அமெரிக்காவுக்குப் புறப்படும் மகளுக்காக வாங்கிய டிரங்குப் பெட்டியைத் தாய் பார்க்கும் பார்வையில், அந்தப் பெட்டி சவப்பெட்டியாகவே ஆகிவிடுகிறது. கப்பலேறுபவர்களுக்கு முந்தின இரவு விருந்து வைத்து, இறந்தவருக்குக் கண்விழிப்பது போலவே விடிய விடிய விழித்திருப்பது மேற்குக் கரையோரத்து வழக்கம். அந்த ஒரு வீட்டு இரவைப் படித்த பிறகு, மேலே நான் தந்த கணக்கெடுப்பு எண்கள் எனக்கு வெறும் எண்களாகத் தெரியவில்லை. நான்கு ஆண்டுத் தனிமையும் இடைவிடாத வாசிப்பும் இல்லாமல் இந்த மாற்றம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிணங்கள் பேசும் அந்த நாவலின் கதை என்ன? அதை வெளியிட மறுத்தார்கள் என்பது உண்மையா?

‘க்ரே நா கில்லே’ என்பது நாவலின் பெயர். கல்லறை மண் என்று சொல்லலாம். கொன்னமாராக் கல்லறைத் தோட்டம் ஒன்றில், மண்ணுக்கடியில் கிடப்பவர்களின் பேச்சு மட்டுமே நாவல் முழுவதும். வருணனை கிடையாது, யார் பேசுகிறார் என்ற குறிப்பும் கிடையாது. பேசுகிறவரின் வாய்ப்பழக்கத்தைக் கொண்டே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காட்ரீனா என்னும் கிழவி புதிதாகப் புதைக்கப்பட்டிருக்கிறாள். தன்னை ஒரு பவுண்டு இடத்தில் புதைத்தார்களா, பதினைந்து ஷில்லிங் இடத்தில் புதைத்தார்களா என்பதுதான் அவளுடைய முதல் கவலை. அதைவிடக் கீழே அரை கினி இடம் ஒன்றும் இருக்கிறது. தான் விரும்பிய ஆணை மணந்துகொண்ட தங்கை நெல் மீது அவளுக்குத் தீராத பகை. அந்த நெல்லோ மேலே இன்னும் உயிரோடு இருக்கிறாள். ஒவ்வொரு புதுப் பிணமும் இறங்கும்போது ஊர்ச் செய்தி கொஞ்சம் இறங்கும், பழைய சண்டை புதிதாகத் தொடங்கும். ஒரு பவுண்டுக்காரர்களும் பதினைந்து ஷில்லிங்காரர்களும் அரை கினிக்காரர்களும் மண்ணுக்கடியில் தேர்தலே நடத்துகிறார்கள். கடலில் விழுந்து இறந்த பிரெஞ்சு விமானி ஒருவர் அங்கேயே ஐரிஷ் கற்றுக்கொள்கிறார்.

ஏழையைப் புனிதமாக்கி எழுதுவது மொழி இயக்கத்தாரின் பொதுப் பழக்கமாக இருந்தது. அந்த ஏழைகளுக்காகப் பதவி இழந்து சிறை சென்ற மனிதர் அப்படி எழுதவில்லை. அவர்களுடைய பொறாமை, கஞ்சத்தனம், வசைச்சொல், அற்பப் பெருமை எதையும் அவர் மறைக்கவில்லை. இந்த மக்களை முழு மனிதர்களாக மதித்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

வெளியிட மறுத்தது உண்மை. 1947இல் ஐரிஷ் மொழி விழாவின் இலக்கியப் பரிசைக் கைப்பிரதி வென்றது. ஆயினும் அரசின் பதிப்பகமான ஆன் கூம் அதை ஏற்கவில்லை. பள்ளிகளுக்கான நூல்களும் மொழிபெயர்ப்புகளும் வெளியிட்டுப் பழகிய நிறுவனத்துக்கு, வசையை இலக்கியமாக்கிய ஒரு நாவல் அச்சமூட்டியதில் வியப்பில்லை. 1949இல் அது ‘ஐரிஷ் பிரஸ்’ நாளேட்டில் தொடராக வந்தது. அந்த நாளேட்டைத் தொடங்கியவர் டி வலேரா. அவர் தலைமையிலான அரசுதான் ஓ கைனை நான்கு ஆண்டுகள் அடைத்து வைத்தது. பிறகு சார்ஷேல் அகஸ் டில் என்னும் சிறு தனியார் பதிப்பகம் அதை நூலாக்கியது.

அரசியலில் கழித்த நேரத்தில் இன்னும் சில நாவல்களை எழுதியிருக்கலாமே? எழுத்தாளர் மொழியோடு நின்றிருக்கக் கூடாதா?

இதே கேள்வி அயர்லாந்தில் ஓ கைனுக்கு முன்பே எழுந்தது. 1893இல் டக்ளஸ் ஹைடும் நண்பர்களும் தொடங்கிய கேலிக் கழகம் மொழியை மட்டும் வளர்க்க வேண்டும், எந்தக் கட்சியையும் சாரக் கூடாது என்பது ஹைடின் உறுதி. 1915இல் கழகம் சுதந்திர அயர்லாந்தைத் தன் குறிக்கோளாக ஏற்றபோது அவர் தலைமைப் பதவியைத் துறந்தார். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் கழக இதழின் ஆசிரியராக இருந்த பேட்ரிக் பியர்ஸ். ஐரிஷில் சிறுகதையும் கவிதையும் எழுதிய அவர், 1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிச் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹைட் 1938இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

ஓ கைன் இந்த இருவர் வழியிலும் போகவில்லை. மொழியை அரசியலிலிருந்து பிரிக்கும் ஹைடின் வழி, மொழி பேசுகிறவனின் வயிற்றை மறந்துவிடுகிறது. தியாகத்தைப் போற்றும் பியர்ஸின் வழி, தியாகத்துக்குப் பிறகு நிலம் யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்குப் போதிய விடை தரவில்லை. ஐரிஷை மீட்பதும் அயர்லாந்தை அதன் உழைக்கும் மக்களுக்காக மீட்பதும் ஒரே வேலை என்று அவர் தம் கடைசி ஆண்டுகள் வரை சொல்லிவந்தார்.

இன்னும் சில நாவல்கள் கிடைத்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் அரசியலைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிறவர் அந்த நாவலை எழுதியிருக்க மாட்டார். அவர் பார்த்த பிழைப்புகூட இலக்கியமானது. 1949 முதல் 1956 வரை நாடாளுமன்றத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை பார்த்தார். அந்த அலுவலக வாழ்க்கையின் சாரம் ‘சாவி’ என்னும் நெடுங்கதையில் இருக்கிறது. பூட்டு சிக்கிக்கொண்டதால் அறைக்குள் அடைபட்டுவிட்ட ஒரு கடைநிலை ஊழியனை வெளியே விட, எந்த விதியின் கீழ் கதவைத் திறப்பது என்று மேலதிகாரிகள் ஆராய்ந்துகொண்டிருக்க, அவன் உள்ளேயே இறந்துபோகிறான். மொழியைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்ட ஓர் அரசு எந்திரத்தைப் பற்றிய கதையாகவும் நான் அதைப் படிக்கிறேன்.

ஐரிஷைத் தேசிய மொழியாக்கிய அரசை எதிர்த்து அவர் ஏன் போராடினார்? கடைசிக் காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியராக அமைதியாக வாழ்ந்தாரா?

பேராசிரியரானார்; அமைதியாக வாழவில்லை. பட்டப்படிப்பு இல்லாத அவரை 1956இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஐரிஷ் விரிவுரையாளராக நியமித்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் செல்வாக்கின் அடையாளமாக நெடுங்காலம் கருதப்பட்ட கல்லூரி அது. கத்தோலிக்கர்கள் அங்கே படிப்பதற்கு ஆயர்கள் விதித்திருந்த தடை 1970 வரை நீடித்தது. அங்கே 1969இல் பேராசிரியர் பதவியும் வந்தது.

அரசோடு அவருக்கிருந்த பகை, சட்டத்தில் எழுதியதைச் செயலில் காட்டவில்லை என்பதுதான். 1937ஆம் ஆண்டு அரசமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்கிறது. ஆனால் கேல்டாக்ட் குடியானவன் அரசு அலுவலகத்துக்குப் போனால் ஆங்கிலத்தில்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. 1960களில் ‘மிஷ்னாக்’, அதாவது துணிவு என்று பெயரிட்ட குழுவில் இளைஞர்களோடு சேர்ந்தார். 1966இல் ஈஸ்டர் எழுச்சியின் பொன்விழாவை அரசு கொண்டாடியபோது, எழுச்சியின் நோக்கங்களைக் கைவிட்டவர்களுக்கு அதைக் கொண்டாடத் தகுதியில்லை என்று சொல்லி அந்தக் குழு உண்ணாவிரதம் இருந்தது. வேல்ஸ் மொழிப் போராட்டத்துக்குப் பொறி மூட்டிய சாண்டர்ஸ் லூயிஸின் வானொலி உரையை ‘சாவா வாழ்வா’ என்னும் தலைப்பில் ஐரிஷுக்குக் கொண்டுவந்தவரும் இவரே. 1969இல் கொன்னமாராவில் கேல்டாக்ட் குடிமை உரிமை இயக்கம் எழுந்தபோது அதன் பக்கம் உறுதியாக நின்றார். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று தங்கள் மொழியில் ஒரு வானொலி. 1972இல் அது ஒலிக்கத் தொடங்கியபோது ஓ கைன் உயிரோடு இல்லை. 1970 அக்டோபர் 18 அன்று டப்ளினில் காலமாகியிருந்தார்.

இன்று ஐரிஷ் எத்தனை பேர் பேசுகிறார்கள்?

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 72 ஆயிரம் அளவே. மொழிக்காக ஒரு தொலைக்காட்சி 1996 முதல் இயங்குகிறது; ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக 2007இல் இடம் கிடைத்தது. தனக்கு முன்பே இறந்துவிடக்கூடிய மொழியில் ஒருவன் தன் முழுத் திறனையும் கொட்டி எழுதுவது கடினம் என்று 1969இல் ஓர் உரையில் ஓ கைன் மனம் நொந்து சொன்னார். அந்த 72 ஆயிரத்தைப் பார்க்கும்போது அவர் அச்சம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவரைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத்தான் நம்மில் பெரும்பாலோர் போக முடியும். நாவலுக்கு 2015இலும் 2016இலும் இரண்டு மொழிபெயர்ப்புகள் வந்துள்ளன. முதலாவது வசையின் வேகத்தைப் பிடிக்கப் பார்க்கிறது, இரண்டாவது மூலத்தோடு ஒட்டிப் போகிறது. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். பாத்திரங்களின் உறவு முறையை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் ஐம்பது பக்கங்களில் குழம்பிப் போவீர்கள்.

ஆனால் நாவலுக்கு முன் ஒரு சிறுகதை. 1948ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. ‘ஒளிநகருக்குச் செல்லும் பாதை’ என்று பெயர். வெண்ணெயும் முட்டையும் சுமந்துகொண்டு ஓர் ஏழைப் பெண் இரவில் கால்வே சந்தைக்கு நடந்து போகிறாள். கதையில் நடப்பது அவ்வளவுதான். இருட்டில் அவள் எண்ணங்களோடு நீங்களும் கூடவே நடப்பீர்கள். அவள் தன் கையிலிருப்பதை விற்று வரப்போகும் காசில் எது எதற்குப் போகும் என்று மனத்துக்குள் கணக்குப் போடுவாள், ஊர் எல்லை ஒவ்வொன்றாகக் கழியும், நகரத்தை நெருங்கும்போது பொழுது விடியும்.